நானாவின் துண்டு மூட்டையும் என் ரோசாப்பூக்களும்

துணியில் ரோசாப்பூச் செய்கிற தொழிலுக்குக் கைக்காசு வேண்டாம், அடுத்தவர் எறிகிறதைக் கேட்டு வாங்குகிற துணிச்சல் இருந்தால் போதும். மரம் அரிகிற மரக்காலை வாசலில் சிராய் பொறுக்குகிறவர்களே, பேக்கரியில் பழைய பாண் வாங்கிக் கோழி வளர்க்கிறவர்களே, மற்றவர்களின் மிச்சத்தில் பிழைக்கிற என் இனத்தாரே, நான் படும் பாடு உங்களுக்கு விளங்கும்.

மூட்டை

மன்னார் உப்புக்குளத்தில், ஊரெல்லாம் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் தையற்காரரின் கடைக்குப் பக்கத்து அறைதான் என் கடை. சனிக்கிழமை தோறும் அவர் வெட்டுத்துண்டுகளை ஓர் உரப்பையில் கட்டி என்னிடம் தருவார். குப்பை கொட்டும் வேலை குறைந்தது என்பார். எனக்கோ அந்த மூட்டை இல்லாவிட்டால் தொழிலே இல்லை.

நான் துண்டுகளை மறுபடி வெட்டுவதில்லை. வந்த வடிவத்திலேயே ஓரத்தை உள்ளே மடித்து, சுருட்டி, அடியில் நாலு தையல் போட்டால் ரோசா. கத்தரி பிடித்தால் பூ சிறுத்துப்போகும். இது கஞ்சத்தனம்தான்; கலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதல் மூட்டையைத் தந்தபோது நானா ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

"பூ உங்கட, தங்கச்சி. துணி ஆருடயது எண்டு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க."

வெள்ளை

ஓலைத்தொடுவாயிலிருந்து ஜெசிந்தா என்ற தாய் வந்து, மகள் றொசானி தேவாலயத்தில் முதல்நன்மை எடுக்கும் சடங்குக்குப் பன்னிரண்டு வெள்ளை ரோசா கேட்டார். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்பது மூட்டையைக் கொட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒன்று பால், ஒன்று மோர், ஒன்று நீலம் போட்டு அலசியது. ஒரே வெள்ளையில் பன்னிரண்டுக்குப் போதுமாக இருந்தது பள்ளிக்கூடச் சீருடைத் துணி மட்டும்தான். செய்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

றொசானி ஒரு இதழை விரலால் தேய்த்தாள். தினமும் போடுகிற துணி தெரியாதா? முகம் தொங்கிவிட்டது. சமாதானத்துக்கு, அப்போதுதான் செய்து வைத்திருந்த மயில்கழுத்து நிற ரோசா ஒன்றைச் சும்மா கொடுத்தேன். ஓரத்தில் பொன்னிழை ஓடிய நல்ல துணி. அவள் அதைத் தலையில் குத்திக்கொண்டு என்னிடம் உறுதி கேட்டாள்.

"இந்தப் பூ பள்ளிக்கூடம் போகாது, என்ன?"

காற்று

கோயில் திருவிழாவில் புனிதரின் சுருவத்தை வைத்துத் தூக்குகிற கூட்டுக்கு ரோசா கேட்டார்கள். அவசரத்தில் சூட்டுப்பசையால் ஒட்டினேன். மன்னார் வெயிலில் பசை இளகியது, மன்னார்க் காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. கூடு புறப்பட ஒரு மணித்தியாலம் இருக்க, என் பூக்கள் கோயில் வளவு முழுக்க ஓடித் திரிந்தன. சூசை அண்ணை படகை விட்டுவிட்டுத் திருவிழாவுக்கு வந்தவர். சட்டைப்பையிலிருந்து தங்கூசியை, அதுதான் தூண்டில் நைலோன் நரம்பை, எடுத்து ஒவ்வொரு பூவாகக் கட்டித் தந்தார். நிற்குமா என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

"பாரைமீன் அறுக்காத தங்கூசியைக் காத்தே அறுக்கப்போகுது?"

மயில்கழுத்து

பூக்கள் நின்றன. நான்தான் விழுந்தேன். அதே திருவிழாக் கூட்டத்தில் ஒரு ரீச்சர், றொசானியின் தலையில் இருந்த மயில்கழுத்துப் பூவைக் கண்டுவிட்டார். அது அவருடைய மகளின் கலியாணப் பிளவுஸ் துணி, தைத்தது நானா. கொழும்பில் ஏறி இறங்கி வாங்கியதாம், ஊரில் வேறு யாரிடமும் கிடையாதாம். தையற்காரர் துணி ஒதுக்குவார்கள் என்று ஊரில் எப்போதும் ஒரு பேச்சு உண்டு. அடுத்த நாளே ரீச்சர் கடைக்கு வந்து, ஆட்கள் நிற்கத்தக்கதாக, மிச்சத் துணியை எங்கே விற்றாய் என்று நானாவைக் கேட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மூட்டை வரவில்லை. அடுத்த சனியும் இல்லை. மூன்றாவது சனி நானே போய் நின்றேன். நானா மெஷினை நிறுத்தவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"ஒரு முழம் களவெடுக்காத கை இது, தங்கச்சி. பேர் ஒரு பூவில போயிட்டுது."

மூன்றுக்கு ஒன்று

ஓலைத்தொடுவாய்க்கு பஸ் ஏறினேன். பூவைத் திரும்பக் கேட்பது எந்தத் தொழிலிலும் நல்ல பழக்கமல்ல. பதிலுக்குச் சிவப்பு, மஞ்சள், ஊதா என்று மூன்று பூக்களை நீட்டினேன். றொசானி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யோசித்தாள். தாய் கண்ணைக் காட்டிய பிறகுதான் கழற்றித் தந்தாள்.

"மூண்டு தாறீங்கள் எண்டா, அதுதான் நல்ல பூ."

பிரித்தது

நேரே ரீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் கதிரை தரவில்லை. நின்றபடியே பூவின் தையலைப் பிரித்து, துண்டுகளை மேசையில் பரப்பினேன். வெட்டாத துண்டுகள் அல்லவா, மடிப்பை நீவியதும் பழைய வடிவத்துக்கு வந்தன. கைக்குழிக்கு வெட்டிய இரண்டு வளைவு, முதுகுக் கழுத்துக்கு வெட்டிய ஒரு பெரிய வளைவு. இவற்றில் ஒரு கைக்குட்டைகூடத் தைக்க முடியாது. ஒதுக்கிய துணி இது இல்லை என்று ரீச்சருக்கு விளங்கிவிட்டது.

ஆனால் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கழுத்து வளைவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் கலியாணம் முடிந்த கையோடு கனடா போனவள். மூட்டைக்காக வந்த எனக்கு அந்த இடத்தில் நிற்க வெட்கமாக இருந்தது.

"முதுகை இவ்வளவு இறக்காத எண்டு ஒரு கிழமை அவளோட கதைக்காம இருந்தனான், பிள்ளை. வடிவாத்தான் இருந்தது. அதை அவளுக்குச் சொல்லேல்லை."

திரும்பவும் மூட்டை

அங்கேயே மறுபடி தைத்துக் கொடுத்தேன். ரீச்சர் அந்தப் பூவைக் கனடாவுக்கு அனுப்பினார். ஒரு கிழமைக்குள் கடைக்கும் வந்தார், முன்பு போலவே ஆட்கள் நிற்கத்தக்கதாக. புதுத் துணியொன்றை நானாவின் மேசையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "வெட்டுற துண்டைப் பூக்காரப் பிள்ளையிட்டக் குடுங்கோ நானா. ஆரின்ர துணி எண்டு கேட்டா, என்ர எண்டு சொல்லச் சொல்லுங்கோ."

நானாவின் பேர் மீண்டது. சனிக்கிழமை மூட்டையும் வந்தது. ஆனால் ரீச்சர் சொன்னதை அன்று கடையில் நின்ற பெண்கள் எல்லாரும் கேட்டிருந்தார்கள். தங்கள் துண்டு தங்களுக்கே பூவாக வேண்டுமாம். மூட்டையை அவிழ்த்தேன், துண்டுக்குத் துண்டு ஊசியில் ஒரு கடதாசி குத்தியிருந்தது. நான் நிமிர்ந்து பார்க்க, நானா முதல் தடவையாகச் சிரித்தார்.

"மூட்டை உங்கடதான், தங்கச்சி. உள்ளுக்குத்தான் எல்லாத்திலயும் பேர் எழுதிக் கிடக்கு."

என் இனத்தாரே, மிச்சம் என்று நாம் அள்ளி வருவதெல்லாம், உரிமைக்காரர் இன்னும் வந்து பார்க்காத சாமான்தான்.