தம்பி கூப்பிட்ட வான்கோழி

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்தவனின் வணக்கம். உங்களுக்கெல்லாம் அவர் 'அவர்'. எனக்குத் தம்பி. அவன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பருத்தித்துறையில் பிறந்தான். அம்மா அவனை என் கையில் தந்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஜெர்மனிக்கு வந்து கோப்பை கழுவினேன், கடை போட்டேன், அவனையும் கூப்பிட்டுக்கொண்டேன். இன்று எனக்கு மூன்று கடைகள். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தம்பி கடைக்கு வர மாட்டேன் என்றான். தச்சு வேலைக்கு ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தான். அங்கே முதலாளி வேட்டைக்காரர். அவரோடு காட்டுக்குப் போய்ப் பழகி, டொச் மொழியில் சோதனை எழுதி, வேட்டை அனுமதியும் எடுத்தான். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அதைச் செய்திருப்பார்கள்? பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ரைன் ஆற்றுப் பக்கத்துக் காடொன்றில், முன்பு யாரோ கொண்டுவந்து விட்ட வான்கோழிகள் காட்டுப் பறவைகளாகவே திரிகின்றன. வசந்தத்தில் சேவலை மட்டும் சுடலாம். அது வரும் பாதையில் பதுங்கிக் காத்திருப்பது ஒரு வழி. பெட்டைபோலக் குரல் கொடுத்து அதைத் தானாகவே வரச் செய்வது மற்ற வழி. தம்பி குரல் கொடுக்கிறவன். அவன் செய்த சின்ன மரப்பெட்டியின் மூடியை உரசினால் அசல் பெட்டையின் குரல் வரும்.

துணைக்குப் போகும் நான், "பாதையில மறைஞ்சிருந்தா அலுவல் முடிஞ்சுது. ஏன்டா கச்சேரி வைக்கிறாய்?" என்பேன்.

"அது என்ன, உங்கட கடைக்கு வாற ஆக்களே அண்ணை, வாசல்ல வளைச்சுப் பிடிக்க?" என்று சிரிப்பான்.

கடைசி வசந்தத்தில் புற்றுநோய் அவன் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தது. மருந்தால் விரல்கள் நடுங்கின. இரண்டு வருடமாகப் பதில் குரல் தந்தும் கிட்ட வராத கிழட்டுச் சேவல் ஒன்று இருந்தது. அது ஒருமுறை தன்னிடம் வரவேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

"அது படுக்கிற மரம் எனக்குத் தெரியும். அதுக்குக் கீழ போய் இருப்பம். இந்த முறை தவறவிட ஏலாது," என்றேன்.

"கூப்பிட்டு வரோணும் அண்ணை. வராட்டி விடுங்கோ."

மரப்பெட்டியை என் கையில் தந்தான். விடியும்போது ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து இருந்தோம். நான் உரசினேன். தூரத்தில் சேவல் கத்தியது. எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை, விடாமல் உரசினேன். சேவல் அடங்கிவிட்டது. தம்பி என் கையைப் பிடித்தான்.

"காணும், போதும் அண்ணை. விடாமக் கூப்பிட்டா, பெட்டை தன்னட்ட வருகுதெண்டு அது அங்கேயே நிண்டிடும். ஒருக்கால் கூப்பிட்டாக் காணும். பிறகு பேசாம இருக்கோணும்."

பேசாமல் இருப்பது என் பிறவியிலேயே இல்லை. அன்று இருந்தேன். கால் விறைத்தது. தம்பி மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, ஒரு சத்தமும் போடாமல், பக்கத்துப் பற்றைக்குள் இருந்து அது வந்தது. நெஞ்சில் தொங்கும் மயிர் நிலத்தில் முட்ட, எங்கள் முன்னால் வாலை விரித்தது. தம்பி மடியில் கிடந்த வேட்டைத் துவக்கைத் தொடவேயில்லை.

"சுடடா," என்று வாயை அசைத்தேன்.

"வந்திட்டுதல்லோ," என்றான்.

கோடை முடிவதற்கு முதல் தம்பி போய்விட்டான்.

அவன் கால்களைத் தடவிவிட்ட தாதிமார், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர், வேட்டைக்காரர் முறைப்படி பேழையின்மேல் பச்சைக் கொப்பொன்றை வைத்துத் தொப்பியைக் கழற்றி நின்ற அவன் முதலாளி, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அவன் போன முப்பத்தோராம் நாள் தோட்டத்தில் காகத்துக்குச் சோறு வைத்தோம். எல்லோரும் "கா, கா" என்று கத்தினார்கள். கூரையில் இருந்த காகம் அசையவில்லை.

"பெரியப்பா, உங்கட குரல்தான் பெரிசு. நீங்கள் கூப்பிடுங்கோ," என்றாள் தம்பியின் மகள்.

ஒருமுறை கூப்பிட்டேன்.

"இன்னும் கூப்பிடுங்கோ!"

"காணும் பிள்ளை."

எல்லோரும் உள்ளே போனார்கள். நான் இருந்தேன். சோறு ஆறியது. காகம் வந்து தின்றுவிட்டுப் போனது. அதன் பிறகும் நான் எழும்பவில்லை.

தம்பி, உன்னையும் ஒருக்கால்தான் கூப்பிட்டேன். பேசாமல் இருக்கிறேன்.