புனிதர் மெதாரும் என் ராகு காலமும்

சனிக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு எல்லாம் கோணத் தொடங்கியது. மகள் கார் சாவியை எடுத்தாள். நான் அதை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அவளுக்கோ ஏழு மாதம். ஆக்லாந்தில் ஏவன்டேலில் இருக்கும் என் வீட்டிலிருந்து புக்கெகோஹியில் அவள் வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். பிள்ளைத்தாச்சியை ராகு காலத்தில் அனுப்ப நான் என்ன படிக்காதவளா? இயற்பியலில் முதுகலை.

“அம்மா, பன்னெண்டுக்கு எங்க வீட்டுக்கு மிட்வைஃப் வராங்க. Rain வேற start ஆயிடுச்சு.”

“பத்தரைக்குப் போனாலும் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்துடலாம்.”

அவளோடு போகவிருந்தவர் சம்பந்தி. மருமகனின் அப்பா, பிரான்சில் ஒரு குக்கிராமத்து விவசாயி, பேரப்பிள்ளையைப் பார்க்க விசா எடுத்து வந்தவர். அவர் ஊரில் ஒவ்வொரு நாளும் ஒரு புனிதரின் பொறுப்பு. எந்தப் புனிதர் உறைபனி அனுப்புவார், எவர் வெயில் தருவார் என்பதற்கெல்லாம் எதுகையோடு பழமொழி வைத்திருக்கிறார்கள். அன்று ஜூன் எட்டு, புனிதர் மெதார் நாள். மெதார் நாளில் மழை பெய்தால் நாற்பது நாள் விடாதாம். மூன்று நாள் கழித்து வரும் புனிதர் பர்னபே மனது வைத்தால்தான் உண்டாம். ஆகவே இப்போதே கிளம்புவது நல்லது என்று உடைந்த ஆங்கிலத்தில் மிகப் பணிவாகச் சொன்னார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். போன மாதம்தான் பனிப் புனிதர்கள் மூவரின் நாளும் முடிந்துவிட்டது, இனி உறைபனி கிடையாது என்று தக்காளி நாற்றுகளைத் தோட்டத்தில் நட்டார். இங்கே அப்போதுதான் குளிர்காலமே வாசலுக்கு வந்திருந்தது. இரண்டே வாரத்தில் நாற்றெல்லாம் கருகிவிட்டது. பூமத்திய ரேகை என்று ஒன்று இருப்பதைப் பாவம், அந்தப் புனிதர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த மனிதரின் பேச்சைக் கேட்டா நான் மகளை அனுப்புவேன்?

பத்து முப்பத்தைந்துக்கு வாசலில் நின்று கையசைத்தேன். மழையில் எதிர்வீடு தெரியவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு மருமகன் அழைத்தான். அவள் இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்டான். இந்நேரம் அங்கே வந்து சேர்ந்திருப்பாள் என்றல்லவா நினைத்தேன் என்றேன். வழியில் தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறிவிட்டதாம். மகளின் போனுக்கு அழைத்தேன், எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடிப்பதும் நின்றது.

பயந்தவர்கள் ஜபம் செய்வார்கள். நான் கணக்குப் போட்டேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ராகு கால அட்டவணை சென்னைக் கடையொன்றின் நாட்காட்டியிலிருந்து கிழித்தது. ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊருக்கானது. ஆக்லாந்தில் ஜூனில் ஏழரைக்குத்தான் விடிகிறது. பகலை எட்டாகப் பிரித்தால் சனிக்கிழமை ராகு காலம் இங்கே ஏறக்குறைய பத்திலிருந்து பதினொன்று. ஒன்பதுக்கு அவள் சாவியை எடுத்தபோது நேரம் சுத்தமாக இருந்தது. அந்த நல்ல நேரத்தை வீணாக்கி, பொறுமையாகக் காத்திருந்து, ராகு காலத்தின் நட்டநடுவில் மகளை வழியனுப்பி வைத்திருக்கிறேன். முதுகலை படித்தவளால் மட்டுமே இவ்வளவு துல்லியமாகத் தவறு செய்ய முடியும்.

சிரிப்பு வரவில்லை. அவள் வயிற்றில் சீட் பெல்ட் எங்கே அழுத்தும் என்பதைத் தவிர அப்போது வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

இரண்டு மணிக்கு ஒரு காய்கறி லாரி வாசலில் நின்றது. முதலில் இறங்கியவர் சம்பந்தி. காலில் செருப்பில்லை, முழங்கால் வரை சேறு. திரும்பி இரு கைகளையும் நீட்டி, என் மகளை ஒவ்வொரு படியாக இறக்கினார். அவருடைய கோட்டு அவள் மேல் இருந்தது. நான் ஓடிய வேகத்தில் வாசற்படியில் தடுக்கி விழப் பார்த்தேன். அவர்தான் என் கையையும் பிடித்தார்.

“மதாம், காரைத் தண்ணீரில் விட்டுவிட்டோம்,” என்றார். “இவளுக்கு ஒன்றுமில்லை. குழந்தை வழியெல்லாம் உதைத்துக்கொண்டே வந்தது. இவளுக்குப் பசிக்கிறது.”