முட்லூரில் சிக்கிய சாவியும் பத்தரை மணி முகூர்த்தமும்

ஐப்பசி முதல் ஞாயிறு. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்குக் கிளம்பினோம், நானும் மனைவி சுமதியும். தங்கை கவிதாவின் இரண்டாவது பெண்ணுக்குக் காதுகுத்து. முகூர்த்தம் ஒன்பதரை முதல் பத்தரை வரை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான்தான்.

மூத்தவள் காதுகுத்துக்கு நான் போய்ச் சேரவே இல்லை. அது குலதெய்வக் கோயிலில் நடந்தது; போகிற வழியில் பெண்ணாடத்தில் இதே கார் நின்றுவிட்டது, நானும் அதோடு நின்றுவிட்டேன். குழந்தையை அதன் சித்தப்பா மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். ஆல்பத்தில் அந்தப் பக்கம் வந்தால் கவிதா வேகமாகத் திருப்பிவிடுவாள். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

7.45க்குப் புறப்பட்டோம். தூரம் சுமார் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் போதும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி 8.40க்கு பு.முட்லூரில் டீ குடிக்க நிறுத்தினேன். சாவி இரண்டு வாரமாகவே இறுக்கம். "என்னங்க, ஆஃப் பண்ணாதீங்க" என்றாள் சுமதி. பெட்ரோல் வீணாகுமே என்று ஆஃப் செய்தேன். (என் புத்தி அப்படி.)

டீ குடித்துவிட்டு வந்து திருகினால் சாவி முன்னாலும் போகவில்லை, வெளியிலும் வரவில்லை. கார் இருபது வருடப் பழசு. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே திருகினேன். ஸ்டியரிங் லாக் பிடித்திருந்தால் அதிலேயே விட்டுவிடும், இது விடவில்லை. பக்கத்துப் பெட்டிக்கடையில் தேங்காய் எண்ணெய் பாக்கெட் வாங்கிச் சாவித் துவாரத்தில் ஊற்றினேன். போன வாரமும் அதைத்தான் செய்திருந்தேன். இன்னும் மோசமானது. இறங்கினேன், ஏறினேன், மணி பார்த்தேன், மறுபடி இறங்கினேன். என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

9.10க்கு எதிரே இருந்த பைக் மெக்கானிக் கடை திறந்தது. அந்த ஆள் வந்து பார்க்கும்போது என் கையில் ப்ளையர்.

"சார், மொதல்ல அத கீழ வைங்க. சாவி ஒடஞ்சா பாதி உள்ளயே நின்னுடும்."

செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ள ஒரே செவப்பா இருக்குதே? பொட்டு வெச்சீங்களா?"

வைத்தேன். ஆயுத பூஜைக்கு வருடா வருடம் ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் வைப்பதுதான். இந்த வருடம் பக்தி முற்றிப்போய்ச் சாவிக்கும் சாவித் துவாரத்துக்கும் சந்தனம், குங்குமம். அது காயும் முன்பே சாவியைச் செருகி எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றினேன்.

"சந்தனத்தக் கொழைச்சு, எண்ணெயயும் ஊத்தி, உள்ள அப்பி வெச்சிருக்கீங்க. ஒரு மணி நேரம் ஆவும் சார்."

"அரை மணியில முடியாதா?"

"அவசரப்பட்டா லாக்கே போயிடும்."

போன் அடித்தது. கவிதா வீட்டுக்காரர். "மச்சான், எங்க இருக்கீங்க? ஆசாரி வந்துட்டாரு."

"இதோ மாப்ள, முட்லூர் வந்துட்டேன்" என்றேன். அது பொய்யில்லை.

அதற்குப் பிறகும் நான் மெக்கானிக்கின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுமதிதான் குழந்தைக்கு வாங்கியிருந்த கம்மல் டப்பாவை என் சட்டைப் பையில் திணித்தாள். "இன்னொரு பெண்ணாடம் வேணாங்க. பஸ்ஸு வருது, ஏறுங்க. சரியானதும் வண்டிய நான் ஓட்டிக்கிட்டு வர்றேன்."

9.35க்கு ஏறினேன். உட்கார இடம் இருந்தும் படிக்கட்டுப் பக்கமே நின்றேன். 10.05க்கு சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து ஆட்டோ. கீழ வீதி மண்டபத்துக்குள் ஓடும்போது 10.17. கவிதா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். ஆசாரி குத்தியதும் அது வீறிட்டதில் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பதினொன்றரைக்கு, பந்தியில் நான் பாயசத்தில் இருக்கும்போது, சுமதி காரோடு வந்து சேர்ந்தாள்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு, மெக்கானிக் சொல்லி அனுப்பியது இது. சாவி சிக்கினால் முதலில் ஸ்டியரிங்கை அசைத்தபடி மெதுவாகத் திருகுங்கள். பலம் காட்டாதீர்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைச் சேர்த்து அடைத்துக்கொள்ளும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு அழுக்கைக் கரைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி எடுத்திருக்கிறார். காய்ந்ததும் பென்சில் முனையைச் சுரண்டிய தூளைச் சாவியில் தடவிப் போட்டிருக்கிறார். கூலி 350 ரூபாய். பொட்டை டேஷ்போர்டில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. முட்லூரில் எது நின்றாலும் சிதம்பரத்துக்குப் பஸ் உண்டு. எனக்கு அது புரிய ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது.

போன வாரம் கவிதா புது ஆல்பத்தோடு வந்திருந்தாள். அந்தப் பக்கத்தில் குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. அதன் வெள்ளைப் பட்டுச் சட்டையில் என் ஐந்து விரலும் குங்குமமும் எண்ணெயுமாகப் பதிந்திருக்கின்றன.

"கையையாவது கழுவிட்டு வந்திருக்கலாம்ணா" என்றாள். பக்கத்தைத் திருப்பவில்லை.