பொன்முடி பஸ்ஸில் ஒரு லொள்ளு

பொன்முடி மலை உச்சியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காலையில் அடிவாரத்து வித்துராவில் பஸ் ஏறியதும், கூட வந்த மலையாளி ஆபீஸ் நண்பன் அனூப் கேட்டான். "நீ எப்பவும் லொள்ளு லொள்ளுன்னு பறையுறியே, அது எந்தா?"

"மரியாதையைக் கொறைச்சுப் பேசணும், ஆனா அடி வாங்காமத் தப்பிக்கணும். அதான் லொள்ளு."

"எங்கே, ஒண்ணு காட்டு."

பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் எல்லோரிடமும் மலையாளத்தில்தான் பேசினார். அந்தத் தைரியத்தில் தமிழில் குரல் கொடுத்தேன்.

"அண்ணே, பின்னாடி ஒரு நத்தை ஹாரன் அடிக்குது. வழி விடுங்க!"

திருவனந்தபுரத்தில் பத்து வருஷம் இருந்தவன் செய்யக்கூடாத தப்பு. இங்கே யாருக்குத் தமிழ் தெரியாது?

அனூப் சிரித்தான். டிரைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

அதற்குப் பிறகு பஸ் ஊரவில்லை, பறந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே சாலையைக் காணோம், மூடுபனியும் பள்ளமும்தான். முன்சீட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர் சுடலைமாடனுக்குக் கிடா நேர்ந்துகொண்டேன். அனூப் கண்ணையே திறக்கவில்லை.

உச்சியில் இறங்கும்போது டிரைவர் அசல் செங்கோட்டைத் தமிழில் கேட்டார். "என்னடே, அந்த நத்தை இன்னும் பின்னாடி வருதா?"

"மன்னிச்சிருங்கண்ணே."

"அதெல்லாம் எதுக்கு? சாயங்காலம் எறங்குறதுக்கும் நம்ம வண்டிதான்." சிரித்தார்.

"இதும் லொள்ளு தன்னே, அல்லே?" என்கிறான் அனூப்.

கீழே போய்ச் சேர்ந்தால்தான் தெரியும்.

காரில் யாராவது இந்தப் பக்கம் வருகிறீர்களா? வாயே திறக்க மாட்டேன், சத்தியம்.