அயர்லாந்து ரேடியோவில் ஒரு பெயர்

எண்பதுகளின் நடுவில், டிப்ளமா முடித்த கையோடு, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. நான் தர ஆய்வாளர். பிரஸ் ஷாப்பில் மெஷின்கள் அடித்து வெட்டித் தள்ளுகிற இரும்புத் தகடுகளை அளந்து பார்த்து, சரியில்லாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவது என் வேலை. தனியாக அறை எடுக்க வசதியில்லாததால், அதே பிரஸ் ஷாப்பில் மெஷின் ஓட்டிய ஒருவரோடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீட்டில் தங்கினேன்.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஜவளகிரிக்கு அந்தப் பக்கம் காட்டையொட்டிய ஊர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். இங்கிலீஷ் மட்டும் தெரியாது. அவர் மனைவி ஒரு லாரி டிரைவரோடு மாலூர்ப் பக்கம் போய்விட்டிருந்தாள். ஒரே அறையில் தங்கினாலும் என்னை அவர் "சார்" என்றுதான் கூப்பிடுவார். நான் "அண்ணே" என்பேன். வாயில் மட்டும்தான் அண்ணன்.

அவரிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. மோட்டார் வைண்டிங் கடையில் வாங்கிய செப்புக் கம்பியை ஜன்னலிலிருந்து முருங்கை மரம்வரை ஏரியலாகக் கட்டியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் சிற்றலையில் இலங்கை நிலையத்தைத் தேடித் திருகிக்கொண்டிருந்தபோது, முள் ஒரு மயிரிழை தள்ளிப் போய் வேறொரு சங்கீதம் வந்தது. பிடில், புல்லாங்குழல், ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஏதோ ஒன்று. எல்லாம் சேர்ந்து ஒரே மெட்டை மூச்சுவிடாமல் சுற்றிச் சுற்றி வாசித்தன. பாடுகிறவர் யாருமில்லை. நான் இலங்கைக்கு மாற்றச் சொல்லிக் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். அதுவரை அவர் என்மேல் கைவைத்ததே இல்லை.

அரைமணி நேரம் கழித்து, "இன்னா சார் இது, எந்த ஊருது?" என்றார்.

"அயர்லாந்து. அவங்க நாட்டுப்புற மெட்டு," என்றேன். இடையில் வந்த பேச்சில் அந்த நாட்டுப் பெயர் மட்டும் எனக்குப் பிடிபட்டிருந்தது.

"பிரஸ்ஸு அடிக்கிற மாதிரியே வுடாம அடிக்குது. ஆனா இதுல கை மாட்டிப் போவாதுன்னு தெரியுது. அதான் நல்லாக்கீது."

அடுத்த ஞாயிறும் அதே நேரத்துக்கு அது வந்தது. அவர் குளித்து, துவைத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். கொரகொரப்பிலும் விசில் சத்தத்திலும் மெட்டு மூழ்கி மூழ்கி எழும். சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்து, முள்ளை ஒரு நூல் அந்தப் பக்கம், ஒரு நூல் இந்தப் பக்கம் நகர்த்தி அதை மீட்டுக் கொண்டுவருவார். நாலைந்து வாரத்தில் மெட்டுகளுக்கு அவரே பெயர் வைத்துவிட்டார். ஒன்று தேங்காய் துருவல். ஒன்று நனைந்த கோழி. நல்ல பொருத்தம்தான். கேட்டால் எனக்கே தேங்காய் துருவுவது போல இருந்தது.

மெட்டுகளுக்கு நடுவே ஓர் அறிவிப்பாளர் பேசுவார். "இன்னா சொல்றாரு சார்?" என்று இவர் என்னைப் பார்ப்பார். அந்த ஆளின் உச்சரிப்பில் பாதிகூட எனக்குப் புரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள டிப்ளமாக்காரனுக்கு வாய் வரவில்லை. புரியாத இடத்தில் என் சரக்கைப் போட்டேன். இந்த மெட்டு மழை வேண்டி வாசிப்பது, இது ஆடு தொலைந்தவன் வாசித்தது என்று ஏதாவது சொல்வேன். அவர் வாயைத் திறந்துகொண்டு கேட்பார். ஆரம்பத்தில் அது வெறும் வீம்பு.

பிறகு அது விளையாட்டாயிற்று. என்னோடு ஆய்வு அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் வெளியூர்ப் படிப்பாளிகள். திங்கட்கிழமை காலையில், ஞாயிறு நான் அவிழ்த்துவிட்ட கதையை அவர்களிடம் சொல்வேன். சிரித்துச் சிரித்து அவர்களுக்குக் கண்ணீர் வரும். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த ஞாயிறு இன்னும் பெரிதாக ஒன்றைத் தயார் செய்வேன். அவருக்கு 'அயர்லாந்து' என்று பட்டப்பெயர் வைத்தவனும் நான்தான். கேன்டீன் வரிசையில் "அயர்லாந்து, தள்ளி நில்லுப்பா" என்பார்கள். அவர் பெருமையாகத் தள்ளி நிற்பார்.

ஒரு ஞாயிறு பிடில் மட்டும் தனியாக, மெதுவாக வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முடிந்ததும் வழக்கம்போலக் கேட்டார்.

"இத வாசிச்சவன் பொண்டாட்டி வேறொருத்தன்கூட ஓடிப்போயிட்டாளாம்ணே. அதுக்கப்புறம் இவன் இத மட்டும்தான் வாசிப்பானாம்."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு, "திரும்பி வந்தாளா?" என்றார்.

"வரல. அங்க நல்லா இருக்காளாம். ரெண்டு பிள்ளையாம்."

அவர் தலையை ஆட்டினார். அன்று ராத்திரி சோறு ஆக்கவில்லை. நான் ஓட்டலில் போய்ச் சாப்பிட்டேன். மறுநாள் ஆய்வு அறையில் அந்தக் கதைக்குத்தான் அதிகச் சிரிப்பு.

இதற்குப் பிறகு அந்த நிலையத்துக்குக் கடிதம் போட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். தபால் ஆபீசில் வெளிநாட்டு ஏர் லெட்டர் ஒன்று வாங்கி வந்தார்.

"எழுதுங்க சார். ஓசூருல பிரஸ் ஓட்றேன்னு எழுதுங்க. தேங்காய் துருவல் போடச் சொல்லுங்க. போட்டுட்டு எம்பேரச் சொல்லச் சொல்லுங்க."

"அவங்களுக்கு எப்படிண்ணே தெரியும், தேங்காய் துருவல்னா?"

அவர் யோசித்தார். "நான் பாடிக் காட்றேன். அத அப்படியே எழுதிடுங்க."

பாடிக் காட்டினார். தன்னனா தன்னனா என்று இரண்டு பக்கம் எழுதினேன். மறுநாள் அந்தக் கடிதம் தபால் பெட்டிக்குப் போகவில்லை, ஆய்வு அறைக்குப் போயிற்று. மூன்று பேரும் மாற்றி மாற்றி அதைப் பாடினோம். அப்போது ஒருவன் சொன்னான்: "லெட்டரெல்லாம் எதுக்கு? பேர் சொல்லிட்டாங்கன்னு சொல்லிடு. அவருக்கு எங்க கேக்கப் போகுது?"

அவருக்குக் காது மந்தம் என்பது எங்களுக்குத் தெரியும். பிரஸ் ஷாப்பில் பத்து வருஷம் நின்றவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். யாரும் டாக்டரிடம் போக மாட்டார்கள். போய்க் காது கெட்டது என்று தெரிந்தால் மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள், அப்புறம் வேலை போய்விடும். அந்த ஷாப்பில் நேற்றுச் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரிந்த விதி அது.

ஐந்தாறு வாரம் விட்டு ஒரு ஞாயிறு, ஆய்வு அறை நண்பர்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் பூரித்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். அறிவிப்பாளர் வேகமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது நான் அவர் தொடையில் ஓங்கித் தட்டினேன்.

"அண்ணே! உங்க பேரு! ஓசூர்னு சொன்னாங்க, உங்க பேரச் சொன்னாங்க!"

இருவரும் கைதட்டினார்கள். அவர் டிரான்சிஸ்டரைத் தூக்கிக் காதோடு ஒட்டிக்கொண்டார். அதற்குள் மெட்டு தொடங்கிவிட்டது.

"எப்போ சார்? எப்போ சொன்னாங்க?"

"இப்பத்தாண்ணே. ரெண்டு தடவ."

"எனக்குக் கேக்கலியே," என்றார். முகத்தில் சந்தோஷமும் இன்னொன்றும் சேர்ந்து இருந்தது. அந்த இன்னொன்று என்னவென்று எனக்கு அன்று தெரியவில்லை என்று சொன்னால் பொய். அது பயம்.

திங்கட்கிழமை கேன்டீனில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். ஷாப் மேனேஜர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, என்ன விசேஷம் என்று கேட்டு, சிரித்துவிட்டுப் போனார். நான் இரண்டு துண்டு தின்றேன்.

அந்த வாரம் முழுவதும் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "ஊரு பேரு தெரியாத தேசத்துல எம்பேர ரெண்டு தபா சொல்லிக்கீறான். பக்கத்துல இருந்த எனக்குக் கேக்கல. நீங்க மூணு பேரும் கேட்டீங்க." வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்ததும் சொன்னார்: "நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறேன் சார். மறுபடி பேரு சொன்னா கேக்கணுமில்ல."

அப்போது நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். விளையாட்டுக்குச் சொன்னோம், போகாதீங்க என்று. சொன்னால் அவர் என்ன நினைப்பார், அந்த இருவர் என்னைக் கோழை என்பார்களோ என்றெல்லாம் ஓடியது. "போயிட்டு வாங்கண்ணே," என்றேன்.

கம்பெனி டாக்டர் அவரைப் பெங்களூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு காதும் பாதிக்குமேல் போயிருந்தன. சத்தமுள்ள இடத்தில் நிறுத்தக்கூடாது என்று எழுதி வந்தது. சத்தமில்லாத இடத்தில் வேலை காலி இல்லை என்று கம்பெனி சொன்னது. ஒரு மாதத்தில் ஆபீஸ் அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள், கூடவே என்னையும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ரூம்மேட் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

கடிதம் ஒரு பக்கம். உடல் தகுதியின்மை காரணமாக இன்ன தேதியோடு பணி முடிகிறது. ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவருக்காக நான் ஒழுங்காக மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான். காதில் விழ வேண்டும் என்பதற்காக உரக்கச் சொன்னேன். வெளியே டைப்பிஸ்டுகள் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"சரியா சொல்றீங்களா சார்?" என்று ஒருமுறை கேட்டார்.

"சரியாத்தாண்ணே சொல்றேன்."

கையெழுத்துப் போட்டார். இரண்டு நாளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊர்ப் பக்கம் போகிற தளி பஸ்ஸில் ஏறிப் போனார். ஆய்வு அறையில் அதன்பிறகு அயர்லாந்து பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு ஒரு வருஷத்தில் சம்பளம் கூடியது.

அதற்கப்புறம் ஜவளகிரியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த ஒருவன், அவர் தன் ஊர்ப் பக்கத்தில் ஒரு கிரானைட் குவாரியில் கல் உடைப்பதாகச் சொன்னான். ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். அவசர வேலை என்று அன்றும் ஆட்கள் நின்றிருந்தார்கள். முகமெல்லாம் வெள்ளைத் தூசியோடு இருந்த அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "சார்!" என்று துண்டால் ஒரு கல்லைத் தட்டி உட்காரச் சொன்னார்.

"இங்க வெடி வைக்கறாங்களே, உங்களுக்கு..." என்று காதைக் காட்டினேன்.

"வெடிக்கு முன்ன விசில் ஊதுவாங்க. எனக்குக் கேக்காது. மத்தவங்க ஓடுனா நானும் ஓடிருவேன்." சிரித்தார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, "சத்தமா சொல்லுங்க," என்றார். இரண்டாம் தடவையும் விளங்கவில்லை. மூன்றாம் தடவை கத்தினேன்.

"ரேடியோல உங்க பேரு சொல்லல! நாங்க பொய் சொன்னோம்! லெட்டரே போடல!"

சுற்றிலும் சுத்தியல்கள் நின்றன. ஜல்லி சுமந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தெலுங்கில் என்னவென்று கேட்டாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ வரப்போகிறது என்பது போல.

"அப்போ நான் டாக்டராண்ட போயிருக்கவே வேணாமே," என்றார்.

நான் தலையைக் குனிந்தேன்.

"அந்தப் பொண்டாட்டி கத?"

"அதுவும்தாண்ணே."

அவர் குரல் உயரவில்லை. "இத்த சொல்ல இவ்ளோ தூரம் வந்தீங்க. டாக்டராண்ட போறேன்னு சொன்னப்போ பக்கத்துலதான இருந்தீங்க." அவ்வளவுதான். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கல்லை உடைக்க ஆரம்பித்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

விசில் ஊதினார்கள். எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். பாறை மறைவுக்குப் போய்க் குனிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கேயே குனிந்து அடித்துக்கொண்டிருந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நான் நின்றிருந்தேன். ஜல்லிக் கூடையைப் போட்டுவிட்டு ஒரு பெண் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடி, அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

வெடி அடங்கியதும் அவள் என்னைப் பார்த்து, தமிழிலேயே, "நீ யாருய்யா அவனுக்கு?" என்று கேட்டாள். அவரும் என்னைப் பார்த்தார். நான் சட்டையில் படிந்த தூசியைத் தட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நான் தார் ரோடுவரை நடந்து வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.