பெட்ரோல் மூடிக்குள் இருந்த நீலம்

மலேசியாவில், கோலா சிலாங்கூரில், எங்கள் கடைக்கு வருகிறவர்கள் காரை விட்டு இறங்குவதில்லை. வாசலில் வண்டி நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், கண்ணாடி நாலு விரற்கடை மட்டும் இறங்கும். அந்த இடுக்கு வழியாகக் குளிர்காற்றும் கேள்வியும் சேர்ந்து வரும். "பாஸ் இருக்காரா?" அறந்தாங்கியில் நான் கார் கழுவும் கடை வைத்திருந்த பதினோரு வருஷமும் வண்டிக்காரர்கள் முதலில் இறங்குவார்கள், டீ சொல்வார்கள், என் பெண்ணின் படிப்பை விசாரிப்பார்கள். அப்புறம்தான் வண்டியைப் பற்றிப் பேச்சு. இங்கே வெயிலுக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறார்கள் என்பதையும் ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை.

இங்கே நான் வந்திருப்பது இரண்டாம் முறை. முதல் தடவை ஆறு வருஷம், இதே கடையில், இதே முதலாளி குணா அண்ணனிடம் கார்களுக்கு பாலிஷ் போட்டேன். அந்தக் காலத்து மெஷின் அம்மிக்குழவி கனம். ஆட்டுரோமப் பட்டையை மாட்டி அழுத்தினால் தோள்பட்டை கழன்றுவிடும். பிறகு ஊருக்குப் போய்க் கடை போட்டேன். அங்கே என் பெயரே மலேசியாக்காரர் என்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். புறவழிச்சாலை வந்து வண்டிகள் ஊருக்குள் நுழைவது நின்றதும் கடையை மூடினேன். குணா அண்ணனே போன் செய்தார். என் கை மாதிரி ஒரு கை அங்கே அமையவில்லையாம், கிளம்பி வா, வேலை பெர்மிட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதை நம்பித்தான் நாற்பத்து மூன்று வயதில் மறுபடியும் விமானம் ஏறினேன். பெர்மிட்டை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு அவர் கையெழுத்து வேண்டும். என்னைப் போல இரண்டாம் முறை வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வந்த மூன்றாம் வாரம், சுங்கை ஆயர் தாவார் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு நீலக் கார் வந்தது. ஓட்டி வந்தவர் தமிழ்ப்பள்ளி டீச்சர். எஸ்டேட்டில் மண்டோராக, நம் ஊர்ப் பேச்சில் கங்காணியாக, இருந்த அவருடைய அப்பாவின் கார் அது; அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. டீச்சரின் மகள் தன் கல்யாணத்தன்று தாத்தாவின் காரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று அடம்பிடிக்கிறாளாம். பளபளவென்று ஆக்கிக் கொடுங்கள் என்று இடுக்கு வழியாகக் குணா அண்ணனிடம் சொல்லிவிட்டு, பின்னால் வந்த கணவரின் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நம்பரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு தீபாவளிக்கும் அந்தக் காரை நான்தான் தேய்த்தேன். அந்த மண்டோர் ஒருவர்தான் இறங்கி வந்து பக்கத்தில் நிற்பவர். பானட்டில் டியூப்லைட்டின் பிம்பம் நூல் பிடித்தாற்போல் தெரிய வேண்டும் அவருக்கு. "இன்னொரு சுத்து ஓட்டுப்பா, அடுத்த வருசம் நீ இருப்பியோ மாட்டியோ" என்பார். நானும் ஓட்டினேன். பாலிஷ் என்றால் எதையோ பூசுவது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது சுரண்டுவது. பெயின்டுக்கு மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறது. கீறல் மறைய வேண்டுமென்றால் கீறலின் ஆழம் வரை அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் கொஞ்சம் போகும். போனது திரும்பி வராது.

இப்போது கடையில் பூச்சின் தடிமனைப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. பானட்டில் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிச்சமில்லை. மெஷின் வைத்தால் அடிப்பூச்சு தெரிந்துவிடும், கழுவி மெழுகு மட்டும் போடலாம் என்று சொன்னேன். கல்யாண வண்டிக்கு மெழுகு பத்தாது என்றார் குணா அண்ணன். நான் மாட்டேன் என்றேன். ஊருக்குப் போய்விட்டு வந்து ரொம்பப் பேசுகிறாய் என்று மெஷினைப் பிடுங்கி அவரே ஓட்டினார். பானட் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறம் வந்துவிட்டது.

சாயங்காலம் டீச்சரைக் கணவர் இறக்கிவிட்டுப் போனார். டீச்சர் நேரே காரில் ஏறி எஞ்சினைப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் பானட் கண்ணில் பட்டது. கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியது. என்ன இது என்று கேட்டார். குணா அண்ணன் யோசிக்கவே இல்லை, என்னைக் கை காட்டினார்.

"ஊர்லேருந்து புதுசா வந்த ஆளு, டீச்சர். கை இன்னும் பழகல லா."

பழியைக்கூடப் பொறுத்திருப்பேன். முதலாளி பழியைத் தொழிலாளி சுமப்பது எந்த நாட்டில் இல்லை? ஆனால் புதுசாம்! என் இருபத்தாறு வயதிலிருந்து முப்பத்திரண்டு வரைக்கும் இந்தச் சிமென்டுத் தரையில்தானே நின்றேன்? பத்து வருஷத்துக்கு மேல் பிறந்த ஊரில் இருந்தும் அங்கே மலேசியாக்காரன்; இங்கே எத்தனை தரம் வந்தாலும் புதுசா வந்தவன். நான் பழைய ஆளாக இருக்க எனக்கு ஒரு இடம்கூடக் கிடையாதா? பெர்மிட் ஞாபகத்துக்கு வந்தது. வந்தும் வாய் நிற்கவில்லை.

"டீச்சர், இந்தக் காருக்கு நான் புதுசு இல்லைங்க. உங்க அப்பா ஆறு தீவாளிக்கு என்கிட்டதான் கொண்டாந்தாரு. இன்னிக்கி மெஷினத் தொட்டது நான் இல்ல. ஆனா பூச்சு இவ்வளவு மெலிஞ்சதுக்கு நானும் காரணம். பெட்ரோல் மூடியத் தொறங்க, காட்டுறேன்."

உள்ளே இருந்து மூடியைத் திறந்துவிட்டார். அதன் உள்பக்கம் மெஷினும் போகாது, வெயிலும் போகாது. அங்கே அந்த நீலம் வாங்கிய நாளில் இருந்தபடியே கெட்டியாக இருந்தது. டீச்சர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்தார். மூடியையும் காரின் உடம்பையும் மாறி மாறிப் பார்த்தார். குணா அண்ணன் போன் பேசுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

பானட்டை முழுதாகப் புதுப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை என்றேன். மற்ற இடங்கள் வெளுத்துப்போய்விட்டன, அந்த வெளுத்த நீலத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி கலந்து அடித்தால் வித்தியாசம் தெரியாது, எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்றும் சொன்னேன். டீச்சர் மூடிக்குள் விரலை வைத்தார்.

"அப்பா வாங்குன கலரையே அடிங்கண்ணே."

"ரெண்டு கலராத் தெரியும், டீச்சர்."

"தெரியட்டும்."

பெயின்ட் கடைக்காரரைக் குணா அண்ணன்தான் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. பெர்மிட் தாள் கையெழுத்தில்லாமல் அவர் மேஜை மேல் கிடக்கிறது. தினமும் பார்க்கிறேன், கேட்கவில்லை. கல்யாணத்தன்று காலையில் அந்தக் கார் மாலை போட்டுக்கொண்டு எங்கள் கடையைத் தாண்டிக் கோயிலுக்குப் போனது. கண்ணாடிகள் முழுக்க இறங்கியிருந்தன. கடை மானத்தை வாங்கிவிட்டாய், பார், ரெண்டு கலர் என்றார் குணா அண்ணன். நானும் பார்த்தேன். முன்னால் மண்டோர் வாங்கிய நீலம், பின்னால் நான் தேய்த்த நீலம்.