ஒரே ஒரு கட்டளைக்கு அனுமதி

தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரின் லினக்ஸ் சர்வரை நான் வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்கிறேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் அருவிப்பாறையில் வழுக்கி விழுந்தவர்களும் சேர்ந்து அங்கே கூட்டம் நெரியும். ரிப்போர்ட் அச்சிடும் சேவை திடீர் திடீரென்று நின்றுவிடும். வரவேற்பில் இருக்கும் அக்கா போன் செய்வார். நான் ஒரு வரியைத் தட்டினால் போதும், மறுபடி ஓடும்.

அந்த ஒரு வரிக்காக, சாரல் காலம் முழுக்க லேப்டாப்பும் போனுமாக ஜன்னலருகே இருப்பேன். மேகம் மலையை விட்டு இறங்கித் தெருவுக்குள் வரும், எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பிப் போகும். எதிர்வீடு கரைந்து மறுபடி முளைக்கும்.

"ரூட் பாஸ்வேர்டை அந்தம்மாட்டயே குடுத்துருங்களேன்" என்றார் சென்டரை நடத்தும் டாக்டர்.

"ஐயோ, வேண்டாம் தங்கச்சி" என்று அக்கா பதறினார். "கை தவறி எதையாவது அமுக்கிட்டா எல்லாம் அழிஞ்சிருமே."

அவர் பயந்தது சரிதான். ரூட் பாஸ்வேர்டு இருந்தால் அந்த இயந்திரத்தில் எதையும் அழிக்கலாம். அதனால் ஒரு மத்தியானம் நேரில் போனேன். யாருக்கு எந்த அதிகாரம் என்று சொல்லும் சூடோ கோப்பைத் திறந்து, அக்காவின் கணக்குக்கு அச்சுச் சேவையை மறுபடி தொடங்கும் கட்டளையை மட்டும் அனுமதித்தேன்.

"இப்ப வேற என்னத்தையாவது செஞ்சு பாருங்க" என்றேன்.

சர்வரையே நிறுத்தும் கட்டளையை நான் சொல்லச் சொல்ல, அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தன் பாஸ்வேர்டையும் கொடுத்தார். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை.

அக்கா சிரித்துவிட்டார். "மாட்டேங்குது பாருங்க! அப்ப பயமில்ல."

மறுநாள் காலை போனை வீட்டிலேயே வைத்துவிட்டு ஐந்தருவிக்குப் போனேன். தண்ணீர் தலையில் விழ விழ, காதுக்குள் வேறு சத்தமே இல்லை. கண்ணை மூடினேன். நான் எங்கே முடிகிறேன், நீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்றபிறகுதான் விலகினேன்.

ஈரத்தலையோடு வீடு வந்து பார்த்தால், அக்காவிடமிருந்து அழைப்பே இல்லை. அதுவே கவலையாகிவிட்டது. நானே கூப்பிட்டு, அருவிக்குப் போயிருந்ததைச் சொன்னேன்.

"காலையில நின்னுச்சு, நானே எழுப்பிட்டேன்" என்றார். "தண்ணி நல்லா விழுதா?"

"விழுதுக்கா."

"அப்ப நாளைக்கு நான் லீவு போடுதேன். டாக்டருக்கும் அந்த ஒரு வரிய மட்டும் எழுதிக் குடுத்துருங்க."